என்னையும் சல்லடை என்று கத்து

மார்ஸ்டன் கல்லூரி, நியூயார்க்
1993 நவம்பர் 7, ஞாயிறு

கொரின்,

உன் விடுதித் தாழ்வாரத்துப் போனுக்கு நான்கு முறை கூப்பிட்டேன். நான்கு முறையும் வேறு வேறு பெண்கள் எடுத்து, "கொரினா? இப்பத்தான் வெளிய போனா" என்றார்கள். நான்காவது முறை பின்னால் ஒரு தும்மல் கேட்டது. அந்தத் தும்மலைப் பிறப்பதற்கு முன்பிருந்தே பக்கத்தில் கேட்டு வளர்ந்தவன் நான். என்னிடம் கதை விடாதே. அதனால்தான் கடிதம்.

முதலில் சந்தோஷச் செய்தி. இந்த வருடம் கோலுக்குக் கோல் கேனைத் தட்டுகிற கேன்காரன் நான்தான். மாணவர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். நாம் முதல் வருடத்தில் எட்டிப் பார்த்து வாய் பிளந்து நின்றோமே, அதே பழைய பால் கேன், அதே உடைந்த ஹாக்கி மட்டை, இப்போது என் அறையில் என் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை ஆண்கள் பனி ஹாக்கியின் முதல் ஆட்டத்தில் ஆறு கோல் போட்டோம். ஆறாவது விழுந்ததும் நான் ஆறு தட்டு தட்ட, எல்லோரும் ஆறு வரை எண்ணி, அவர்கள் கோல் கீப்பர் பெயரை மூன்று தடவை இழுத்துக் கூப்பிட்டு, விரலை நீட்டி, "சல்லடை, சல்லடை" என்று கத்தியதில் கூரைத் தகரம் அதிர்ந்தது. டெரன்ஸ் என்று பெயர் அவனுக்கு. பாவம், ஏதோ தாகம் எடுத்தவன் போலத் தண்ணீர் பாட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றான். நீ இருந்திருந்தால் ரசித்திருப்பாய்.

நீ இல்லை. இரண்டு வருடம் வாராவாரம் ஒரே காரில், ஒரே ஓட்டை ஹீட்டருக்கு முன்னால் கையை நீட்டிக்கொண்டு இந்தக் கல்லூரிக்கு வந்தோம். நீ ஏரியைத் தாண்டி வெர்மாண்ட்டுக்கு மாறிப்போகிறாய் என்பதை ஆகஸ்டில் பண்ணையில் வைக்கோல் ஏற்றும்போது அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஏன் போனாய்? அதையாவது சொல்.

வெண்டல்


ட்ரெவெட் கல்லூரி, வெர்மாண்ட்
1993 நவம்பர் 15

பதினோரு நிமிட அண்ணனுக்கு,

தும்மியது நான்தான். கேன்காரன் ஆனதற்கு வாழ்த்துகள். நிஜமாகவே சொல்கிறேன், அந்த வேலைக்கு உன்னைவிடப் பெரிய வாய் அந்தக் கல்லூரியில் கிடையாது.

ஏன் போனேன் என்று கேட்கிறாய். போன பிப்ரவரியை நினைத்துப் பார். எங்கள் பெண்கள் அணியின் கடைசி ஆட்டம். இரண்டு வருடம் நான் கோல் காத்த அரங்கத்தில், ஒரே ஒரு ஆட்டத்துக்காவது கேனைக் கொண்டுவா என்று உன்னைக் கெஞ்சினேன். நீ அப்போது கேன்காரனின் வலது கை. கொண்டுவந்தாய். இருபது பையன்களும் வந்தார்கள். நான் பனியில் சறுக்கி வந்தபோது உங்களைப் பார்த்து, முகமூடிக்குள் பைத்தியம் மாதிரி சிரித்தேன்.

நாங்கள் முதல் கோல் போட்டோம். யாரோ ஒருவன் கேனைத் தட்ட மட்டையைத் தூக்கினான். நீ எதிரணிக் கோல் கீப்பரைக் காட்டி அவன் கையைப் பிடித்தாய். "டேய், வேணாம்டா. பொண்ணுடா. பாவம், அழுதுடப் போகுது" என்றாய். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே. எங்கள் ஆட்டங்களில் நாற்பது பேர்தான் இருப்பார்கள். யார் தெர்மாஸைத் திறக்கிறார்கள் என்பதுகூட எனக்குக் கேட்கும். பிறகு எல்லோரும் சர்ச்சில் குழந்தைகள் நாடகம் முடிந்த மாதிரி கை தட்டினீர்கள்.

அதற்கப்புறம் நான் ஐந்து கோல் விட்டேன். ஒவ்வொன்றுக்கும் நீ எழுந்து நின்று, "பரவாயில்ல கொரின், பரவாயில்ல" என்றாய். ஐந்து பரவாயில்ல. டெரன்ஸிடம் யாராவது பரவாயில்ல என்று சொன்னீர்களா? அவனைக் குறிவைத்து ஒரு அரங்கமே தொண்டை கிழியக் கத்துகிறது. அவன் ஒன்றைத் தடுத்தால் அது விஷயம், விட்டாலும் விஷயம். நான் தடுத்தாலும் பரவாயில்லை, விட்டாலும் பரவாயில்லை.

அதனால்தான் போனேன். உனக்குக் கோபம் வரும் என்று தெரியும். வரட்டும்.

கொரின்


மார்ஸ்டன்
1993 நவம்பர் 20

கொரின்,

கோபம் வந்தது. வராமல் என்ன?

அண்ணன் தன்னைச் சல்லடை என்று திட்டவில்லை என்பதற்காக ஒருத்தி கோபித்துக்கொண்டு மாநிலத்தை விட்டே போனதை இதுவரை யாராவது கேள்விப்பட்டிருப்பார்களா? நான் உனக்கு மரியாதை கொடுத்தேன். அந்தப் பக்கத்துக் கோல் கீப்பர் முதல் வருடத்துப் பெண், முகமெல்லாம் புள்ளி, ஆட்டம் தொடங்கும் முன்பே நடுங்கிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்து இருபது தடியன்கள் கத்துவதா? நீ ஐந்து கோல் விட்டபோது உன் தோள் தொங்கிப்போனதைப் பார்த்தேன். வாயில் வந்த ஆறுதலைச் சொன்னேன். அது ஒரு குற்றமா?

வியாழக்கிழமை நன்றி நாள் விருந்துக்கு வருகிறாயா என்று அம்மா கேட்கிறாள். மேப்பிள் பாகில் 'பை' பலகாரம் இரண்டு செய்கிறாளாம். எனக்கு ஒன்று போதும், இன்னொன்று யாருக்கு என்று நீயே யோசி.

வெண்டல்


ட்ரெவெட்
1993 டிசம்பர் 9

வெண்டல்,

விருந்துக்கு வராதது உன்னால் இல்லை. பாதி உன்னால். சனிக்கிழமை எங்களுக்கு ஆட்டம் இருந்தது, அது மீதிப் பாதி. அம்மா அனுப்பிய பலகாரம் ஏரிப் படகில் நசுங்கி வந்தது. கரண்டியால் வழித்துத் தின்றேன், என் அறைத்தோழிக்குக்கூடக் கொடுக்கவில்லை.

நீ எழுதியதைப் பலமுறை படித்தேன். தோள் தொங்கிப்போனதைப் பார்த்தேன் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியில் எனக்குக் கோபம் கொஞ்சம் இறங்கியது. ஆனாலும் கேள். அந்தப் புள்ளி முகத்துப் பெண் நடுங்கியது பயத்தால் இல்லை. நாங்கள் எல்லோரும் ஆட்டத்துக்கு முன் அப்படித்தான் நடுங்குவோம். அவள் உங்களையும் கேனையும் பார்த்துவிட்டு, வரிசையில் கை குலுக்கும்போது என்னிடம், "இன்னைக்கு உங்க கேன் எங்களுக்குமா?" என்று கேட்டாள். அவ்வளவு ஆசையாகக் கேட்டாள். ஆட்டம் முடிந்து கை குலுக்கும்போது ஒன்றும் கேட்கவில்லை.

உண்மையை ஒத்துக்கொள்கிறேன். இங்கேயும் யாரும் கத்துவதில்லை. இங்கேயும் அதே நாற்பது பேர், அதே தெர்மாஸ். நான் ஊர் மாறியதால் எதுவும் மாறவில்லை. ஒரே ஒரு வித்தியாசம், இங்கே மௌனமாக உட்கார்ந்திருப்பவர்களில் யாரும் என் அண்ணன் இல்லை. அதனால் அவ்வளவாக வலிக்கவில்லை.

விடுமுறையில் போட்டி இருக்கிறது, கிறிஸ்துமஸுக்கும் வர முடியாது. பிப்ரவரி இருபது, ஞாயிறு, மதியம் இரண்டு மணிக்கு எங்கள் அணி மார்ஸ்டனுக்கு வருகிறது. தகவலுக்காகச் சொன்னேன்.

கொரின்


மார்ஸ்டன்
1994 ஜனவரி 17

கொரின்,

நேற்று நான் ஒரு காரியம் செய்தேன். யாரிடமும் சொல்லாமல் பெண்கள் ஆட்டத்துக்குப் போனேன். கேன் இல்லாமல், தனியாக, கடைசி வரிசையில்.

உன் இடத்தில் இப்போது ஜோடி என்று ஒரு முதல் வருடத்துப் பெண் நிற்கிறாள். முப்பத்தோரு முறை தடுத்தாள். நான் எண்ணினேன். அதில் ஒன்று, மல்லாந்து விழுந்த நிலையில் காலைத் தூக்கி ஸ்கேட்டின் நுனியால் தட்டிவிட்டது. வெள்ளிக்கிழமை ஆண்கள் ஆட்டத்தில் அப்படி ஒன்று நடந்திருந்தால் இந்த ஊர் ஒரு வாரம் அதையே பேசியிருக்கும். நேற்று ஒருவர் இருமினார். அவ்வளவுதான். ரப்பர் வட்டு பலகையில் மோதும் சத்தமும், பெண்கள் ஒருவரையொருவர் கூப்பிடும் சத்தமும், மேலே விளக்கு ரீங்கரிக்கிற சத்தமும்தான். முப்பத்திரண்டாவது உள்ளே போய்விட்டது. எனக்கு முன்னால் இருந்தவர், யாரோ ஒருத்தியின் அப்பா, நல்ல மனிதர்தான், "பரவாயில்லம்மா" என்றார்.

அந்தப் பெண் முகமூடியைத் தூக்கி அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரிந்த பார்வை. போன பிப்ரவரியில் அதே பார்வையை நீ என்மேல் ஐந்து முறை வீசினாய். நான் அதை நன்றி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு பெரிய மடையன் நான்.

கொரின், தப்பு என்னுடையதுதான். இதை நேரில், வாயால் சொல்ல வேண்டும். பிப்ரவரி இருபதாம் தேதி சொல்கிறேன். அன்றைக்குக் கேன் வரும். குழுவிடம் பேசுகிறேன். ஆனால் ஒன்று கேட்க வேண்டும். உன்னைப் பார்த்து நிஜமாகவே சல்லடை என்று கத்த வேண்டுமா? அம்மா என் தோலை உரித்துவிடுவாளே.

வெண்டல்


ட்ரெவெட்
1994 ஜனவரி 24

வெண்டல்,

கடிதத்தைத் துணி துவைக்கும் அறையில் நின்று படித்தேன். இயந்திரம் நின்றதுகூடத் தெரியவில்லை.

ஆமாம், கத்த வேண்டும். அரைகுறையாக இல்லை. எண்ணிக்கையைத் தவறவிடாதே. என் பெயரை நன்றாக இழு, மூன்று தடவை, கடைசி தடவை நீளமாக. விரலை நீட்டு. சிரித்துக்கொண்டே கத்தாதே, சிரித்தால் விளையாட்டாகிவிடும். நான் நன்றாகத் தடுத்தால் கை தட்டாதே, எரிச்சல்படு. எக்காரணம் கொண்டும் பரவாயில்ல என்று சொல்லாதே. சொன்னால், அடுத்த பிறந்தநாள் கேக்கை நான் தனியாக வெட்டுவேன்.

அம்மாவிடம், கத்தச் சொன்னதே நான்தான் என்று சொல்.

கொரின்

பின்குறிப்பு: ஒரு கோலும் விடுவதாக உத்தேசமில்லை. ஆகவே நீ கத்த வாய்ப்பே கிடைக்காமலும் போகலாம்.


மார்ஸ்டன்
1994 பிப்ரவரி 6

கொரின்,

ஓட்டில் தோற்றுவிட்டேன். ஐந்துக்கு இரண்டு.

ஒரு மணி நேரம் பேசினேன். குழுவில் ராய்ஸ்தான் எல்லோரையும் எனக்கு எதிராகத் திருப்பினான். "கேன் ஆம்பளைங்க ஆட்டத்துக்குடா. முப்பது வருஷமா அப்படித்தான். உன் தங்கச்சி கேட்டான்னு மாத்துவியா?" என்றான். இன்னொருவன், "ஞாயித்துக்கிழமை ரெண்டு மணிக்கு எவன்டா படுக்கையை விட்டு எழுந்திருப்பான்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து கேனை இழுத்து அவர்கள் நடுவில் வைத்தேன். மட்டையை அதன்மேல் வைத்தேன். "அப்ப வேற ஆளைப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஆக, மார்ஸ்டனின் சரித்திரத்திலேயே மூன்று மாதம் மட்டும் இருந்த கேன்காரன் நான்தான்.

வார இறுதியில் நம் பால் பண்ணைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அம்மா பாத்திரம் துடைத்துக்கொண்டே, "உன் தங்கச்சியை நீ எல்லார் முன்னாடியும் சல்லடைன்னு சொல்லப் போற, அதுக்கு அவ சம்மதம்கிற" என்றாள். ஆமாம் என்றேன். "அப்ப நல்லா சத்தமா சொல்லு. அவளுக்கு இடது காது கொஞ்சம் மந்தம்" என்றாள். அப்பா தொப்பியை மாட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போய்விட்டார்.

கேன் கிடையாது, ஆட்கள் கிடையாது. என் தொண்டை மட்டும் இருக்கிறது. அதோடு வருகிறேன்.

வெண்டல்


ட்ரெவெட்
1994 பிப்ரவரி 11

முட்டாளே,

கேனைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி நான் கேட்டேனா? முதல் வருடத்திலிருந்து அதைக் கனவு கண்டவன் நீ. போய் மன்னிப்புக் கேட்டுத் திரும்ப வாங்கிக்கொள். நான் கத்தல் இல்லாமலே ஆடிப் பழகியவள்.

இதை எழுதிவிட்டு மூன்று நாள் தபாலில் போடாமல் வைத்திருந்தேன். மேலே உள்ளது பொய். வாங்காதே. தனியாகவே வா. காலி அரங்கத்தில் ஒரே ஒரு ஆள் எழுந்து நின்று கத்தினால் எல்லோரும் உன்னைப் பைத்தியம் என்பார்கள். எனக்காக ஒரு மதியம் பைத்தியமாக இரு.

எனக்குப் பயமாக இருக்கிறது. தோற்பதற்கு இல்லை. மறுபடியும் அந்த மௌனத்தில், அதே அரங்கத்தில் நிற்பதற்கு.

கொரின்


மார்ஸ்டன்
1994 பிப்ரவரி 21

கொரின்,

நேற்று பேருந்துக்குப் பக்கத்தில் நான் மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடியதைப் பார்த்து, நான் அழுகிறேன் என்று நினைத்து நீ கட்டிப்பிடித்தாய். அழவும் செய்தேன், அது வேறு. ஆனால் விஷயம் என்னவென்றால் எனக்குக் குரல் போய்விட்டது. ஒரு எழுத்துகூட வரவில்லை. ஒரு மாதமாக உன்னிடம் வாயால் சொல்ல நினைத்ததெல்லாம் தொண்டையிலேயே நின்றுவிட்டது. டாக்டர் ஒரு வாரம் பேசக்கூடாது என்கிறார். அதனால் மறுபடியும் கடிதம்.

நீ முகமூடிக்குள் இருந்ததால் உனக்குத் தெரியாதவற்றைச் சொல்கிறேன். ஒன்றரை மணிக்கு நான் மட்டும் போய் உட்கார்ந்தேன். கால் மணி நேரத்தில் அம்மாவோடு அப்பா வந்தார். கையில் நம் கொட்டகைப் பால் கேன். மூடி இல்லாத, அடியில் நசுங்கிய அந்தக் கேன். எனக்கு முன்னால் வைத்தார். வேலி அடிக்கிற மரச்சுத்தியை என் கையில் கொடுத்தார். "இத்தன நாள் எனக்கு ஏன் தோணலைன்னு தெரியல. ரெண்டு மணின்னா ரெண்டு கறவைக்கும் நடுவுலதானே" என்றார். கொட்டகைக்குப் போன அன்றிலிருந்து பால் லாரி நிற்கிற ஒவ்வொரு பண்ணைக்கும் போன் போட்டிருக்கிறார், நம் அப்பா, வருடத்துக்கு நாற்பது வார்த்தை பேசுகிற மனிதர். அவர் பின்னாலேயே அவர்கள் வந்தார்கள். ரப்பர் பூட்ஸும் சாணி வாசனையுமாக அறுபது பேர், மாடுகளின் கழுத்திலிருந்து கழற்றிய மணிகளோடு. அங்கே பசுக்களெல்லாம் நேற்று மதியம் திருட்டுக் கொடுத்த மாதிரி நின்றிருக்கும்.

பதினான்காவது நிமிடம் டெனிஸ் உன் தோளுக்கு மேலே போட்டாள். உன் பழைய அறைத்தோழியே போட்டாள். எனக்கு ஒரு நொடி கை எழவில்லை. உன் தோள் தொங்கிப்போகுமோ என்று பார்த்தேன். பக்கத்தில் அம்மா, "என்ன பாத்துட்டு நிக்கிற, தட்டு" என்றாள். தட்டினேன். ஒன்றுதான் என்பதால் எண்ணிக்கை சீக்கிரம் முடிந்தது. பிறகு உன் பெயர். மூன்றாவது தடவை இழுத்தபோது அறுபது விவசாயிகளும் சேர்ந்துகொண்டார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சல்லடை என்று கத்தியது அம்மா. கத்திவிட்டு உடனே என் கையைப் பிடித்து, "அவளுக்கு எங்கயும் அடிபடலையே?" என்று கேட்டாள்.

இரண்டாவது பகுதியில் இன்னொரு கேன் சத்தம் கேட்டதே, கவனித்தாயா? ராய்ஸ். விடுதி வரை சத்தம் போயிருக்கிறது. தலை சீவாமல், கோட்டுக்குள் பைஜாமாவோடு நாற்பது பேரைக் கூட்டிக்கொண்டு வந்தான். கேனை என் கேனுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "கூப்பிட்டிருக்கலாம்லடா" என்றான். அந்த முகத்தோடு அவன் அப்படிச் சொன்னதும் திட்டத் தோன்றவில்லை. அதற்குள் நீங்கள் இரண்டு கோல் போட்டுவிட்டீர்கள். கடைசிப் பத்து நிமிடம் நாங்கள் யாருமே உட்காரவில்லை. நீ அதற்கு மேல் ஒன்றும் விடவில்லை, சனியனே. ஒவ்வொன்றாகத் தடுத்தாய். உன்மேல் எனக்கு அவ்வளவு எரிச்சல் வந்தது. அவ்வளவு பெருமையாக இருந்தது. இரண்டுக்கும் சேர்த்துக் கத்தியதில்தான் தொண்டை போனது.

பேருந்து கிளம்பும்போது ஜன்னல் கண்ணாடியின் ஆவியில் 2-1 என்று விரலால் எழுதிக் காட்டினாய். எனக்கு வெளியிலிருந்து 1-2 என்று தெரிந்தது. எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நாங்கள்தான் தோற்றிருக்கிறோம்.

வாயால் சொல்ல வேண்டியது இதுதான். உன் ஆட்டத்தை நான் விளையாட்டாக நினைத்துவிட்டேன். மன்னித்துவிடு. நீ இல்லாமல் அந்தக் காரில் ஹீட்டர் இன்னும் மோசமாக இருக்கிறது.

வெண்டல்


ட்ரெவெட்
1994 பிப்ரவரி 25

வெண்டல்,

ஆட்டம் தொடங்கும் முன் அந்த மாட்டு மணிகள் கேட்டன. எங்கள் அணிப் பெண்கள், "யார் இவங்க?" என்று ஒருவரையொருவர் பார்த்தார்கள். "எங்க ஆளுங்க" என்றேன். "உன் பக்கமா?" என்று கேட்டார்கள். "இல்ல, என்னை எதிர்த்து" என்றேன். அவ்வளவு திமிராக நான் எதையும் சொன்னதில்லை.

டெனிஸ் போட்ட கோலைப் பற்றிச் சொல்கிறேன். வட்டு வலையில் பட்டதும் எனக்கு முதலில் வழக்கமான அந்த மௌனம் கேட்டது. ஒரே ஒரு நொடி. பரவாயில்ல என்று யாராவது சொல்லிவிடுவார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அப்போது கேனில் தட்டு விழுந்தது. பிறகு என் பெயர். அந்த அரங்கத்தில் இரண்டு வருடம் நின்றிருக்கிறேன், ஒருவர்கூட என் பெயரை அப்படிக் கூப்பிட்டதில்லை. முகமூடிக்குள் அழுதேன். மூக்கைத் துடைக்க முடியவில்லை, கையில் உறை. நடுவர் வந்து, "ஏம்மா, சரியா இருக்கியா?" என்று கேட்டார். "இவ்வளவு சரியா என்னைக்குமே இருந்ததில்ல" என்றேன்.

கடைசிப் பத்து நிமிடத்தில் எங்கள் பெண்கள் கூப்பிடுவது எதுவும் எனக்குக் கேட்கவில்லை. எந்தப் பக்கம் வட்டு வருகிறது என்று கண்ணால் மட்டும் தேட வேண்டியிருந்தது. டெரன்ஸின் கஷ்டம் புரிந்தது. அவனைப் பார்த்தால் என் வாழ்த்தைச் சொல்.

இன்னொன்று. கை குலுக்கும் வரிசையில் உங்கள் ஜோடி என் கையை விடவில்லை. "அடுத்த ஞாயிறும் வருவாங்களா?" என்று என்னைக் கேட்டாள். வருவார்கள் என்று உன் சார்பில் வாக்குக் கொடுத்துவிட்டேன். ராய்ஸையும் பைஜாமாவோடு எழுப்பிவிடு. அப்பாவிடம் நானே பேசுகிறேன், இந்த வருடத்து வார்த்தைகளில் ஏதாவது மிச்சம் இருந்தால்.

உன்னை மன்னித்தது ஞாயிற்றுக்கிழமை பதினான்காவது நிமிடத்தில். முதல் தட்டிலேயே. மீதியெல்லாம் உனக்குப் போனஸ்.

இந்த ஞாயிறு மாலை ஆறு மணிக்குத் தாழ்வாரத்துப் போனுக்குக் கூப்பிடு. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன், வேறு யாரையும் எடுக்க விடமாட்டேன். தொண்டை அதற்குள் வரவில்லை என்றால் அப்பாவின் கேனைப் போனுக்குப் பக்கத்தில் வைத்துத் தட்டு. நான் எண்ணுகிறேன்.

உன் சல்லடை